வலது பின்சக்கரம் கத்திய ஆடி மாதம்

உத்தமனின் கார் வருகிறதா என்று யாரும் தெருவில் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சி.டி.எச். மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போதே வலது பின்சக்கரம் கத்த ஆரம்பித்துவிடும். கீச்சென்று தொடங்கி, நடுவில் கரகரத்து, மறுபடி கீச்சென்று எடுக்கும். முதல் வாரம் தெருநாய்கள் துரத்தின. அடுத்த வாரம் அவையும் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டன. திருமுல்லைவாயிலில் உத்தமனைத் தெரிந்தவர்களைவிட அவன் சக்கரத்தைத் தெரிந்தவர்கள் அதிகமாகிப்போனார்கள்.

அவன் டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் நைட் ஷிஃப்டுக்குச் சேர்ந்து, அதையும் விட்டான். எதையும் பாதியில் விடுவதில் அவனிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. நைட் ஷிஃப்டை விட்டதற்கு அவன் சொன்ன காரணம், பகலில் தூங்க முடியவில்லை என்பது. கோலமாவு விற்பவன், குழாயடிச் சண்டை, பக்கத்து வீட்டு ரேடியோ என்று பகல் முழுக்க ஒரே சத்தம். சத்தத்துக்குப் பயந்து வேலையை விட்டவன், கம்பெனி கணக்கு முடித்துத் தந்த பணத்தில், வாடகைக்கு ஓட்டலாம் என்று, ஊரிலேயே அதிகம் சத்தம் போடும் காரை வாங்கிவைத்திருந்தான்.

நியாயமாகச் சொன்னால், வாங்கும்போது கார் கத்தவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போன ஒரு தொழிலாளி, பழைய பியட்டைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஒப்படைத்தார். ஒரே ஒரு குறையை மட்டும் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

"ஹேண்ட் பிரேக்கை நம்பாதே தம்பி. இழுத்தா வரும். நிக்காது."

அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. வயதான கார்கள் எல்லாமே சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லோடுதான் நின்றன. உத்தமனும் ஒரு செங்கல்லை வைத்தான். மறுநாள் கல்லைக் காணோம். இன்னொன்று வைத்தான். அது எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்தின் வெந்நீர் அடுப்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவதைப் பையன்கள் ஸ்டம்புக்கு எடுத்துப்போனார்கள். கல்லில்லாத கார் ஒரு நாள் மெதுவாகப் பின்னால் நகர்ந்துபோய்ப் பஞ்சவர்ணத்தின் கோழிக்கூண்டை முட்டி நின்றது.

அன்றைக்குத்தான் உத்தமன் யோசித்தான். அவன் யோசிக்கிறவன். இது அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. வேறு யாரும் சொன்னதில்லை. லாரிக்காரன் வைப்பதுபோல முக்கோணமாக அறுத்த கனத்த வாகைக் கட்டை ஒன்றை வாங்கினான். அதில் ஆணியடித்து ஓர் இரும்புச் சங்கிலியை மாட்டினான். சங்கிலியின் மறுமுனையை, காருக்கு அடியில் படுத்து, கையில் அகப்பட்ட ஒரு கம்பியில் கட்டினான். கார் நிற்கும்போது கட்டை சக்கரத்தின் கீழே இருக்கும். ஓடும்போது சங்கிலியைப் பின் பம்பரில் இறுக்கிச் சுற்றி, கட்டையை அதில் செருகிவிடலாம். இனி எவனும் தூக்கிப்போக முடியாது. சங்கிலியின் நுனியைக் கீழே நீட்டிப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி பத்மா கேட்டாள்.

"இது எத்துல கட்டிகினு கீறே? கெட்டியா கீதா?"

"ஆயுசுக்கும் ஆடாது."

வாழ்க்கையில் அவன் முழுதாகச் செய்து முடித்த முதல் காரியம் அதுதான். அன்று சாயங்காலம் பெரிய மழை. எஸ்டேட் பக்கம் முழங்கால் தண்ணீரில் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். திரும்பும்போது வலது பின்சக்கரம் கத்தியது.

தண்ணீர்தான் காரணம் என்று உத்தமன் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, காய்ந்தால் நின்றுவிடும். டிப்ளமோவில் பிரேக் பாடம் முதல் வருஷத்திலேயே வந்துவிட்டதால், அதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கார் காய்ந்தது. ஊரே காய்ந்தது. சத்தம் மட்டும் காயவில்லை.

பிறகு அவனே ஜாக்கி போட்டுத் தூக்கினான். முறைப்படி கட்டையை அவிழ்த்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, வலது சக்கரத்தைக் கையால் சுற்றினான். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. ஒரு முனகல் இல்லை. இறக்கினான். கட்டையைப் பம்பரில் செருகி, சங்கிலியை இறுக்கி, ரோட்டுக்குக் கொண்டுபோனான். கத்தியது. வீட்டுக்கு வந்து மறுபடி தூக்கினான். வெண்ணெய்.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போயிடுற பேஷண்டு மாதிரி கீது" என்றாள் பத்மா.

"பாரம் ஏறினாத்தான் கத்துது. ஸ்பிரிங்குல ஏதோ கோளாறு" என்றான் உத்தமன், ரொம்ப நாள் படித்தவனின் முகத்தோடு.

ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை என்று சுலைமான் சொன்னான். மணிகண்டபுரம் திருப்பத்தில் ஓலைக்கூரை போட்ட ஷெட் அவனுடையது. உத்தமன் வயதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து ஒன்றாகத் தூங்கியவர்கள். சுலைமான் காரில் ஏறி உட்கார்ந்து ஏரிக்கரை வரைக்கும் போய்வந்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டான்.

"மாமே, இது பேரிங்கு."

பேரிங் மாற்றினார்கள். கத்தியது.

"அப்போ டிரம்மு கோணிக்கிச்சு."

டிரம்மைக் கழற்றி எஸ்டேட் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து மாட்டினார்கள். கத்தியது. பிரேக் ஷூவைப் புதிதாகப் போட்டார்கள். புதிதாகக் கத்தியது.

ஒவ்வொரு முறையும் ஷெட்டில் காரைத் தூக்கும்போது சுலைமான் முதலில் கட்டையைத்தான் அவிழ்ப்பான். முதல் தடவை சங்கிலியைப் பார்த்துவிட்டு, "இது இன்னா நைனா, நாயக் கட்டி வெச்சா மாதிரி?" என்று கேட்டான். உத்தமன் விளக்கினான். சுலைமான் அசந்துபோனான். ஷெட்டுக்கு வந்த வேன்காரர் இருவரைக் கூப்பிட்டு, "மூளைன்னா இது. பாத்துக்கினு போங்க" என்று காட்டினான். அவர்களும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். உத்தமன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பெருமையை வெளியே காட்டாமல் நிற்கப் பார்த்தான். அது அவனுக்கு நன்றாகவே வரவில்லை.

கடைசியில் சுலைமான் சரியான இடத்துக்கே வந்து சேர்ந்தான்.

"ஹேண்ட் பிரேக்குதான் மாமே புடிச்சிகினு கீது. எப்படியும் அது நிக்கிறதில்ல. கேபிளைத் தளத்தி உட்டுடலாம். தளந்தா ஷூ உள்ள போயிடும். அப்பவும் கத்துச்சின்னா நான் மீசைய எடுத்துடுறேன்."

கேபிளைத் தளர்த்தினார்கள். காரில் இருவரும் ஆவடி வரைக்கும் போனார்கள். சத்தம் இல்லை. சுலைமான் போகிற வழியெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு வந்தான். உத்தமன் அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். டீக்கடையிலிருந்து கிளம்பும்போது உத்தமன் கவனித்தான்: பின்னால் சங்கிலி தொய்ந்து ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல பொருள் தேய்ந்துபோகுமே என்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினான். அவன் தன் பொருட்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

திரும்பும் வழியில் கார் கத்தியது. சுலைமான் தடவுவதை நிறுத்தினான்.

"அப்போ ஹேண்ட் பிரேக்கு இல்ல" என்றான் உத்தமன். "தளத்தியும் கத்துதுன்னா அது இல்லைன்னுதானே அர்த்தம்?"

"லாஜிக்கு கரெக்டுதான் மாமே."

இப்படியாக இரண்டு பேரும் சேர்ந்து, சரியான காரணத்தை முறைப்படி ஆராய்ந்து தள்ளிவைத்தார்கள். சுலைமான் மீசையை எடுக்கவில்லை. உத்தமனும் அதைக் கேட்கவில்லை.

கத்துகிற காரில் சவாரி ஏற யாரும் வரவில்லை. ஒரு பெண்ணழைப்புக்குப் போனபோது, மேளக்காரர் வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பத்மா கடன் சொல்லி அரிசி வாங்கும்போது பக்கத்தில் நிற்பதற்கு உத்தமனுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் ராஜசேகரன் என்பவரைப் பற்றித் தகவல் வந்தது. அம்பத்தூரில் ஓர் ஆங்கிலப் பள்ளி நடத்துகிறவர். அவருடைய டிரைவர் நின்றுவிட்டதால், மாதவாடகைக்குக் காரோடு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சுலைமான் சொல்லி அனுப்பினான். உத்தமன் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்ப் பார்த்தான். அவன் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அது.

"எனக்கு வேகம் வேண்டாம்" என்றார் ராஜசேகரன். "காரில் போகும்போதுதான் நான் பள்ளிக்கூட விஷயமெல்லாம் யோசிப்பேன். சத்தம் மட்டும் ஆகாது. உங்கள் வண்டி சத்தம் போடுமா?"

"போடாது சார்."

"திங்கட்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். ஒரு நடை போய்ப் பார்க்கலாம்."

அதே வாரம் கம்பெனி சூப்பர்வைசர் கங்காதரன் ரயில்வே கேட்டில் அவனை நிறுத்தினார். அவன் பார்த்த மெஷினுக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். "திங்கட்கிழமை நைட்டு வர்றதுன்னா வா. இல்லைன்னா வேற ஆளு கீறான். அப்பால என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக விஷயம் ரொம்பச் சுலபமாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் சத்தம் நின்றால் பகல். நிற்காவிட்டால் இரவு. உத்தமன் சனிக்கிழமை முழுக்கக் காரின் கீழேயே கிடந்தான். மேலே பார்த்துக்கொண்டு யோசித்தான். அவன் மூக்குக்கு நேரே, தன் சங்கிலியின் முடிச்சு இருந்தது. எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஆடி மாதத்தில் அந்தத் தெருவே கொதிக்கும். பெரிய அண்டா, செங்கல் அடுப்பு, மைக்செட். விறகுக்குப் பொறுப்பு பஞ்சவர்ணம். உத்தமன் எழுந்து வந்தபோது காருக்குப் பின்னால் சங்கிலி மட்டும் தரையில் நீளமாகக் கிடந்தது. கட்டை இல்லை. கார் நகராமல் இருக்க, சக்கரத்தின் கீழே ஒரு தேங்காய் மூட்டையை வைத்திருந்தார்கள்.

"பஞ்சவர்ணக்கா, என் கட்டை எங்கே?"

"அடுப்புல கீதுப்பா. சும்மாச் சொல்லக்கூடாது, நல்ல காஞ்ச கட்டை. இன்னமா எரியுது."

"அது என் வண்டிக்கு வெச்சது."

"ஆத்தாவுக்குக் குடுத்தேன்னு நெனச்சிக்கோ. உன் வண்டிக்கு நீ வெச்சி இன்னா ஆச்சி? அவளாச்சும் பாக்கட்டும். போயி மூட்டையை எடுத்துக்கினு வா, தேங்காய் ஒடைக்கணும்."

சங்கிலியை அவிழ்க்க அவனுக்கு மனம் வரவில்லை. காரின் அடியிலேயே தளர்வாகச் சுருட்டிச் செருகினான். கூழுக்கு வெங்காயம் போதவில்லை என்று அவனை மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியை எடுத்தான். தெருமுனை தாண்டினான். சி.டி.எச். ரோட்டில் ஏறினான். அம்பத்தூர் போகும் பஸ் ஒன்றின் பின்னால் வெகுதூரம் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடியை இறக்கினான். காற்று மட்டும்தான். வலது கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தான், காது சரியாக இருக்கிறதா என்று.

உத்தமனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. டிப்ளமோவை விட்டதுபோல அதையும் நடுவில் விட்டிருந்தான். ஆனால் அன்று வெங்காய மூட்டையோடு வந்தவன், நேரே போய் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைத் தெருவே பார்த்தது. பஞ்சவர்ணம் அண்டாவைக் கிளறிக்கொண்டே, "சொன்னேனா இல்லையா" என்றாள். அவன் கூழை இரண்டு முறை வாங்கிக் குடித்தான்.

மத்தியானம் புதுக் கட்டை வாங்கிவந்தான். முதலாளி வீட்டு முன்னால் தேங்காய் மூட்டையோடு போய் நிற்க முடியாது. ஆணியடித்து, சங்கிலியை மாட்டி, பம்பரில் இறுக்கிச் சுற்றி, பத்மாவையும் ஏற்றிக்கொண்டு மாசிலாமணீஸ்வரர் கோயில் வரைக்கும் கிளம்பினான். அம்மனுக்குச் செய்தாகிவிட்டது, சிவனையும் பார்த்துவிடலாம் என்று.

வீட்டு வாசலிலேயே கத்தியது.

உத்தமன் வண்டியை நிறுத்தினான். இறங்கினான். கட்டையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டு, சங்கிலியைத் தளர்த்தினான். ஏறி ஓட்டினான். சத்தமில்லை. இறங்கினான். கட்டையை மாட்டி இறுக்கினான். ஓட்டினான். கத்தியது. தெருமுனைக்கும் வீட்டுக்குமாக இதையே அவன் திரும்பத் திரும்பச் செய்தான். கூழ் குடிக்க வந்த கூட்டம் சொம்பும் கையுமாக நின்று பார்த்தது. ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்கலாம்.

பிறகு அவன் காருக்கு அடியில் படுத்து, தான் சங்கிலி கட்டிய கம்பியை ஆணியால் சுரண்டினான். பல வருஷத்துக் கிரீசும் சேறும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே முறுக்கிய எஃகு இழைகள் தெரிந்தன. அது கம்பி இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிள். வலது பின்சக்கரத்துக்குப் போகிற கேபிள். பம்பரில் சங்கிலியை இறுக்கும்போதெல்லாம் அவனே ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வண்டி ஓட்டியிருக்கிறான். சோதிப்பதற்காகக் கட்டையை அவிழ்க்கும்போதெல்லாம் அவனே அதை விடுவித்தும் இருக்கிறான்.

வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை. பத்மா குனிந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, தூங்கிட்டியா?"

"கண்டுபுடிச்சிட்டேன். கேபிளுல சங்கிலியைக் கட்டி வெச்சிகிறான்."

"யாரு?"

"பழைய ஓனரு."

பத்மா இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பிறகு சொன்னாள்: "நீ கட்டுறப்ப அந்தப் பக்கத்து நுனியை நான்தானே புடிச்சிகினு உக்காந்திருந்தேன்."

காருக்கு அடியில் ஆணியால் சுரண்டும் சத்தம் மறுபடி கேட்டது.

"பேரிங்கு மாத்துனது, டிரம்மு கடைஞ்சது, ஷூ போட்டது, எல்லாம் இதுக்குத்தானா?"

"சுலைமானும் கண்டுபுடிக்கல."

"அவன் ஊட்டுக்காரியாண்ட நான் சொல்லமாட்டேன்" என்றாள் பத்மா. "வெளிய வா. முதுகுல எறும்பு ஏறுது பாரு."

திங்கட்கிழமை காலையில் சங்கிலியை அறுத்து வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். அதன்மேல் இருந்த கோபத்தில் கட்டையையும் போட்டுவிட்டு வந்தது அம்பத்தூர் நெருங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ராஜசேகரன் பின்சீட்டில் ஏறினார். எஸ்டேட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போனார்கள். கார் மூச்சுவிடுகிற மாதிரி ஓடியது. கண்ணாடியில் பார்த்தபோது அவர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. திரும்பி வீட்டுக்கு வந்ததும், "உள்ளேயே ஏற்றிவிடுங்கள்" என்றார்.

மழைத் தண்ணீருக்குப் பயந்து மேடாகக் கட்டிய வீடு. வாசலில் செங்குத்தான சாய்தளம், மேலே வாசற்படி வரைக்கும் சமதரையே இல்லை. உத்தமன் பாதி மேட்டில் காரை நிறுத்தி, கியரைப் போட்டு, இஞ்சினை அணைத்து, குடைக்கம்பு மாதிரி இருந்த ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சுலைமான் தளர்த்திவிட்ட கேபிள் ஒரு நூல்கூடப் பிடிக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்த்தான். கார் கியரிலேயே பின்னால் நழுவியது. காலை வைத்தான்.

ராஜசேகரன் இறங்கி நின்றார். "வாருங்கள் உத்தமன். காபி சாப்பிட்டுக்கொண்டே பேசிவிடலாம்."

"பரவாயில்லை சார். இங்கேயே இருக்கேன்."

"அட, வாருங்கள்."

"வேணாம் சார். வண்டியை விட்டு எறங்குறது எனக்குப் பழக்கமில்லை."

வாயில் வந்ததைச் சொன்னான். பின்னால் ரோட்டில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். உத்தமன் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தான். ராஜசேகரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"முன்னாடி இருந்தவன், வண்டியை நிறுத்திய அடுத்த நிமிஷம் டீக்கடையில் இருப்பான்" என்றார். "நீங்கள் நாளையிலிருந்து வந்துவிடுங்கள்."

காபி கார் ஜன்னலுக்கே வந்தது. ஒரு காலை அழுத்தியபடியே உத்தமன் குடித்தான். பள்ளிக்கூட வரலாற்றை ராஜசேகரன் முதலிலிருந்து சொன்னார். அவனுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே சுலைமான் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தான். சக்கரம் ஏன் கத்தியது என்று கேட்டான்.

"கேபிளு" என்றான் உத்தமன்.

"நான் அப்பவே சொல்லல? ஆமா, சங்கிலி எங்க மாமே?"

"ஆத்தாவுக்குக் குடுத்துட்டேன்."

மறுநாள் காலையில் அதே சாய்தளத்தில் காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கரகரவென்று பல் பல்லாக ஏறி இறுகியது. காலை எடுத்தான். கார் ஆடாமல் நின்றது. உத்தமன் நிம்மதியாக மூச்சுவிட்டுக் கதவுப்பிடியில் கைவைத்தான். அதற்குள் வாசற்படியில் ராஜசேகரன் தன் மனைவியையும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இவர்தான். நேற்றுச் சொன்னேனே. என்ன கூப்பிட்டாலும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்" என்றார்.

அந்த அம்மாள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனாள். நைட் ஷிஃப்டில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் வெளியே விடுவார்கள் என்பது உத்தமனுக்கு ஞாபகம் வந்தது. அவன் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கின்மேல் வைத்துக்கொண்டான்.